நேரம் தவறிய உண்மை



நம் காரைக்குடியைக் கடந்து ராமேஸ்வரம் போகும் ரயில்கள் சிவகங்கை, மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகப் பாம்பனை அடைகின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, கப்பல் வரும்போது 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும்பி, கப்பல் போனதும் இறங்கி உட்காரும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் இதே வேலையை ஆட்கள் நெம்புகோல் சுழற்றிச் செய்தார்கள். இன்று மோட்டாரும் கணினியும் செய்கின்றன. இத்தகைய தூக்குப் பாலம் எதுவானாலும் சிக்னல் பச்சையாவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். தூக்குப் பகுதி முழுதாக இறங்கிவிட்டதா? பூட்டுகள் விழுந்துவிட்டனவா? இருபுறத் தண்டவாளங்களும் பொருந்தியிருக்கின்றனவா? காற்று என்ன வேகத்தில் அடிக்கிறது? 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோன கரை அது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது விதியாக இருந்தது. காற்று 40 கிலோமீட்டர் என்று ஓர் உணரி எண் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணில் பிழையில்லை, கருவியில் கோளாறில்லை, வழியில் ஒரு பிட் கூடச் சிதையவில்லை. ஆனால் அது மூன்று நிமிடத்துக்கு முன் அளந்த காற்று. அந்த எண்ணை நம்பிச் சிக்னல் போட்டால், சரியான தகவலைக் கொண்டு தவறான முடிவை எடுத்தவர்களாவோம்.

உயிர்காக்கும் பொறுப்புள்ள எந்திரங்களுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய வலையமைப்பில், நேரம் என்பது செய்தியின் உண்மையிலேயே ஒரு பகுதி. ஆகவே ஒரு வலையமைப்பு எவ்வளவு வேகமானது என்று கேட்பதால் பயன் குறைவு. மிக மோசமான நிலையில் ஒரு செய்தி எவ்வளவு பிந்தும், அந்த வரம்பைத் தாண்டிப் பிந்தினால் அது யாருக்கு எப்போது தெரியும் என்ற இரண்டு கேள்விகளையே கேட்க வேண்டும். இவற்றுக்கான விடை சோதனைச்சாலையில் அளந்த சராசரியாக இருக்கக் கூடாது. காகிதத்தில் கணக்கிட்டு, இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய உச்சவரம்பாக இருக்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் ‘டிடர்மினிஸ்டிக்’ வலையமைப்பு என்பார்கள். தமிழில் நேர வரம்புள்ள வலையமைப்பு என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

செய்தியே இல்லாமல் பாதுகாப்பாக இருக்க முடியுமா? முடியும், விலை கொடுத்தால். நம் ஊர்ப் பாதையிலேயே அதைப் பார்த்தோம். அகலப்பாதையாக மாற்றப்பட்ட திருவாரூர்–காரைக்குடி தடத்தில் 2019இல் ரயில் ஓடத் தொடங்கியபோது லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட்கீப்பர்கள் இல்லை. ரயிலே ஊழியர்களைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும், ஊழியர் இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் கடக்கும், ரயிலின் பின்பகுதியில் வந்த இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்திரிகைகள் இதைக் கேலி செய்தன, மக்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ அதில் ஒரு தூய்மை தெரிகிறது: கேட் மூடியிருக்கிறது என்ற செய்தி அங்கே பயணம் செய்யவே இல்லை. கண்ணால் பார்த்த இடத்திலேயே, பார்த்த கணத்திலேயே அது பயன்பட்டது. பழைய செய்தி, பிந்திய செய்தி, மறந்த செய்தி என்று எதற்கும் அங்கே இடமில்லை. பாதுகாப்புக்கான வலையமைப்பு எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. நின்று, இறங்கி, பார்த்துப் போகும் ரயிலுக்குள்ள அதே உறுதியை ஓடும் ரயிலுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்த உறுதியைக் கொடுக்க இயலாத வலையமைப்பு நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி ஆபத்தை விற்கிறது.

ஒற்றைப் பாதையில் இதற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே ஒரு வழி கண்டார்கள். இரு நிலையங்களுக்கு இடையே ஓட்டுநர் போக வேண்டுமானால் கையில் ஓர் இரும்புப் பந்து இருக்க வேண்டும். நீல்ஸ் டோக்கன் என்று அதற்குப் பெயர். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. அனுமதி என்ற செய்தி கையில் பிடிக்கக்கூடிய பொருளாகிவிட்டதால் அதைப் பிரதியெடுக்க முடியாது, அது பழசாகவும் முடியாது. கம்பியிலும் காற்றிலும் போகும் பிட்டுகளுக்கு இந்த நல்ல குணங்கள் எதுவும் இயல்பாக வாய்ப்பதில்லை. அவற்றை நாம்தான் கட்டியெழுப்பித் தர வேண்டும்.

கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மிகக் கசப்பான சான்று சீனத்தின் வென்ஜோ. 2011 ஜூலை 23 இரவு, செஜியாங் மாகாணத்தில் இடிமின்னல். மின்னல் தாக்கியதில் வென்ஜோ தெற்கு நிலையத்தின் ரயில் கட்டுப்பாட்டுக் கருவியில், தண்டவாளத்தின் நிலையைத் திரட்டும் பகுதிக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் எரிந்துபோனது. திரட்டுவது நின்றது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கணினி நிற்கவில்லை. ஃபியூஸ் போவதற்கு முந்திய கடைசி நிலையையே, அதாவது பாதை காலியாக இருக்கிறது என்ற செய்தியையே, அது தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதே இடத்தில் டி3115 என்ற ரயிலை அதன் தானியங்கிப் பாதுகாப்புக் கருவி நிறுத்தியது. ஓட்டுநர் மறுபடி கிளப்பப் பல நிமிடங்கள் போராடினார். பாதை காலி என்று திரை சொன்னதால் பின்னால் டி301 அனுப்பப்பட்டது. மோதலில் 40 பேர் இறந்தார்கள். இந்த விபத்தில் எந்தச் செய்தியும் சிதையவில்லை, எந்தச் செய்தியும் தொலையவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த ஒரு வாக்கியம் தன் ஆயுள் முடிந்த பின்னும் உயிரோடிருப்பதுபோல் நடமாடியது. வாக்கியத்தோடு அது பிறந்த நேரமும் சேர்ந்து பயணப்பட்டிருந்தால், ‘இத்தனை நொடிக்கு மேல் பழைய செய்தியை ரயில் நிற்பதாகவே எடுத்துக்கொள்’ என்ற ஒற்றை விதி மறுமுனையில் இருந்திருந்தால், திரையில் சிவப்பு விழுந்திருக்கும். ரயில்வே தகவல்தொடர்புக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 50159 செய்திக்கு நேரக்கூடிய கேடுகளாக ஏழைச் சொல்கிறது: மீண்டும் வருதல், தொலைதல், புகுத்தப்படுதல், வரிசை மாறுதல், சிதைதல், பிந்துதல், வேடமிட்டு வருதல். சாதாரணப் பொறியாளர் மனம் சிதைதலையும் தொலைதலையும் பற்றித்தான் கவலைப்படும். பட்டியலில் பாதி நேரத்தையும் வரிசையையும் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் அண்மைய காயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 8 காலை, கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட் அப்போது இன்டர்லாக் செய்யப்படாமல் இருந்தது. கேட்டின் நிலைக்கும் சிக்னலுக்கும் இடையே மின்பிணைப்பு இருக்கவில்லை. இப்படிப்பட்ட கேட்டுகளில் கேட் மூடியிருக்கிறது என்ற செய்தி தொலைபேசியில் ஒரு மனிதக் குரலாக நிலையத்துக்குப் போகிறது. குரல் உண்மையைச் சொல்கிறதா, எந்தக் கணத்து உண்மையைச் சொல்கிறது என்று சோதிக்க மறுமுனையில் எந்தக் கருவியும் இல்லை. தனி ஒருவரின் தவறு என்ன என்பது விசாரணையின் வேலை. தனி ஒருவரின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரம் ஏற்றியது எந்த வடிவமைப்பு என்பது நம் கேள்வி.

வரம்பை எப்படிக் கட்டுவது? இங்கேதான் அன்றாடம் நாம் பயன்படுத்தும் வலையமைப்பின் பிறவிக் குணத்தைப் பார்க்க வேண்டும். 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த ஈத்தர்நெட்டில் எல்லோரும் ஒரே கம்பியில் பேசினார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் ஒரு நேரம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். மறுபடி மோதினால் காத்திருப்பு கூடும். பதினாறு முறை தோற்றால் செய்தியைக் கைவிடுவார்கள். அலுவலகத்துக்கு இது அற்புதமான ஏற்பாடு. மையக் காவலர் வேண்டாம், முன்கூட்டித் திட்டம் வேண்டாம். ஆனால் இன்ன நேரத்துக்குள் என்று எதற்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அதே 1973இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட மில்-எஸ்டிடி-1553 என்ற தரம் நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே ஒரே ஓர் எஜமானன்; அதிகபட்சம் 31 கருவிகள்; எஜமானன் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே கருவி வாய் திறக்கும், அதுவும் 12 மைக்ரோநொடிக்குள். அதன் வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட். இன்றைய கைபேசி இணைப்பின் முன் நத்தை. ஆனாலும் ஐம்பது ஆண்டுகளாகப் போர்விமானங்களிலும் செயற்கைக்கோள்களிலும் அது நிலைத்திருக்கிறது, நம் தேஜஸ் விமானம் உட்பட. வேகம் முக்கியம் என்றால் அது எப்போதோ அருங்காட்சியகம் போயிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே காரில் இருக்கும் கேன் பஸ் என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதன் வரம்பைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுவிடலாம். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பலர் ஒரே சமயம் பேசத் தொடங்கினால் தங்கள் எண்ணை ஒவ்வொரு பிட்டாகக் கம்பியில் வைப்பார்கள். சுழியம் ஒன்றை அமுக்கிவிடும். தான் ஒன்று வைத்த இடத்தில் சுழியம் கேட்டவர் ஒதுங்கிக்கொள்வார். முடிவில் மிகச் சிறிய எண் உள்ள செய்தி ஒரு பிட் கூட வீணாகாமல் போய்ச் சேரும். மோதல் இருக்கிறது, ஆனால் குருட்டாம்போக்கு இல்லை. இந்த ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பதால் மின்கலத்தையே எடுத்துக்கொள்வோம். மின்வாகனத்தின் பேட்டரிப் பொதியில் ஒரு கலம் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்ற செய்தி, இணைப்பைத் துண்டிக்கும் ரிலேவுக்குப் போக வேண்டும். எட்டு பைட் சுமக்கும் ஒரு கேன் செய்தி மிக மோசமான நிலையில் 135 பிட் நீளும்; நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் அது 270 மைக்ரோநொடி. பேசத் தொடங்கிவிட்டவரை இடைமறிக்க முடியாது என்பதால், எல்லோருக்கும் மேலான முன்னுரிமையுள்ள செய்தியும் ஒரு முழுச் செய்திக்குக் காத்திருக்க நேரலாம். ஆகவே அதன் வரம்பு 540 மைக்ரோநொடி. நம் வெப்பச் செய்திக்கு மேலே இரண்டு செய்திகள் 5 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகின்றன என்றால், முன்னால் போய்க்கொண்டிருப்பது ஒன்று, மேலானவை இரண்டு, தான் ஒன்று என நான்கு செய்தி நேரம், 1,080 மைக்ரோநொடி. கம்பி சேதமில்லாமல் இருக்கும்வரை, வண்டி எந்தச் சாலையில் போனாலும், எத்தனை கருவிகள் ஒரே சமயத்தில் கத்தினாலும், அந்தச் செய்தி இதற்கு மேல் பிந்தாது. ஓராண்டு சோதனை ஓட்டம் நடத்தி அளந்தாலும் இந்த உறுதி கிடைக்காது. அந்த ஓராண்டில் நான்கும் ஒரே கணத்தில் சந்திக்காமலே போயிருக்கலாம்.

கணக்கு என்றதும் அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார்க் பல்கலைக்கழகத்தின் கென் டிண்டெல், ஆலன் பர்ன்ஸ் முதலானோர் 1990களின் நடுவில் கேன் பஸ்ஸுக்கு முறையான வரம்புக் கணக்கைத் தந்தார்கள். கார்த் தொழில் அதை எடுத்துக்கொண்டது. 2007இல் ராபர்ட் டேவிஸ், ஆலன் பர்ன்ஸ், ரெயின்டர் பிரில், யோஹான் லுக்கியன் ஆகிய நால்வர் அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஒரு செய்தியின் முதல் பிரதி வரம்புக்குள் போய்விடும். அடுத்து வரும் பிரதி தவறிவிடக்கூடிய சில அமைப்புகள் உண்டு. பழைய கணக்கு முதல் பிரதியோடு நின்றுவிட்டது. சொந்தக் கணக்கைத் திருத்தியவர்களில் பர்ன்ஸும் ஒருவர் என்பதை அறிவியலின் அழகாகப் பார்க்கலாம். பதின்மூன்று ஆண்டு கழித்தாவது ஒருவரால் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? கணக்கு அச்சில் இருந்தது. வெறும் சோதனைச் சான்றிதழில் இத்தகைய பிழை ஒளிந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு விபத்துதான் வழி.

கேன் பஸ்ஸுக்கு மேல் உள்ள ஏற்பாடுகளை விரைவாகக் கடக்கிறேன். வியன்னாவின் ஹெர்மன் கோப்பெட்ஸ் முன்வைத்த முறையில் எல்லாக் கணினிகளும் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்து, இன்னாருக்கு இன்ன நேரக்கூறு என்று முன்பே வகுத்துக்கொள்ளும். ஏர்பஸ் ஏ380இல் ஒவ்வொரு செய்தி ஓடையும் 1 முதல் 128 மில்லிநொடி வரையிலான ஓர் இடைவெளிக்கு ஒருமுறைதான் சுவிட்சுக்குள் நுழையலாம். இரட்டை வலையமைப்பு வழியாக இரு பிரதிகள் போகும். ஐஈஈஈயின் 802.1 குழு 2012 முதல் ‘டைம் சென்சிட்டிவ் நெட்வொர்க்கிங்’ என்ற பெயரில் இந்தக் கருத்துகளைப் பொது ஈத்தர்நெட்டுக்குள்ளேயே கொண்டுவருகிறது. 2015இல் வந்த அதன் ஒரு தரம் சுவிட்சின் ஒவ்வொரு வரிசைக்கும் நேரப்படி திறந்து மூடும் வாயில் வைத்தது. நம் நாட்டு ரயில்களின் மோதல் தடுப்பு அமைப்பான கவச் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நிலையமும் எஞ்சினும் யுஎச்எஃப் ரேடியோவில் நேரக்கூறு பங்கிட்டு, இரண்டு நொடிச் சுழற்சியில் பேசிக்கொள்கின்றன. மணிக்கு 130 கிலோமீட்டரில் ஓடும் ரயில் இரண்டு நொடியில் 72 மீட்டர் போய்விடும். இன்றைய இணைய அளவுகோலில் இரண்டு நொடி என்பது அவமானம். ஆனால் 72 மீட்டர் என்று முன்பே தெரிந்தால் அதைப் பிரேக் தூரத்தில் கூட்டிக்கொள்ளலாம். தெரியாத 20 மில்லிநொடியை எதிலும் கூட்ட முடியாது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, அதிகம் கேட்கப்படுவது: இவ்வளவு கணக்கு எதற்கு, வேகமான கம்பியைப் போட்டால் தாமதமே இராதே? இதில் உண்மை இருக்கிறது, மறைக்கக் கூடாது. நொடிக்கு 100 கோடி பிட் செல்லும் ஈத்தர்நெட்டில் மிகப் பெரிய சட்டகம் சுமார் 12 மைக்ரோநொடியில் போய்விடும். இருபது கருவிகள் ஒரே கணத்தில் ஒவ்வொன்று அனுப்பினாலும் கடைசியாக வருவது கால் மில்லிநொடியில் போய்ச் சேரும். ஆனால் ‘ஒவ்வொன்று’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் அப்படிக் கட்டுப்பட்டு நடக்கும் என்று யார் உறுதி சொன்னது? ஒவ்வொன்றும் நூறு சட்டகத்தைக் கொட்டினால் 25 மில்லிநொடி வரிசை நிற்கும். சுவிட்சின் நினைவகம் நிரம்பினால் செய்தி தொலையும். தொலைந்ததை மறுபடி அனுப்புவதற்கு முன் லினக்ஸின் டிசிபி இயல்பாகக் குறைந்தது 200 மில்லிநொடி காத்திருக்க நேரலாம். கருவிகள் எப்போது ஒருசேரக் கொட்டுகின்றன? எல்லாம் அமைதியாக இருக்கும் நாளில் அல்ல. மின்னல் விழும்போது, மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒன்றாக விழிக்கும்போது, ஒரு கோளாறு நூறு எச்சரிக்கைகளைக் கிளப்பும்போது. செய்தி மிகவும் தேவைப்படும் கணமே நெரிசலின் கணமும். வேகத்தோடு நுழைவுக் கட்டுப்பாடும் இருந்தால் வரம்பு கிடைக்கும். ஏ380 அதைத்தான் செய்தது. வேகம் மட்டும் இருந்தால் நம்பிக்கைதான் கிடைக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் கூர்மையானது, ரயில்வேத் துறையினரே சொல்வது. செய்தி பிந்தினால் மறுமுனை கண்டுகொண்டு சிவப்புக்குப் போய்விடும், ரயில் நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே நடுவில் உள்ள வலையமைப்பு எப்படி இருந்தால் என்ன? கோட்பாட்டளவில் இது சரி. முனைகளில் உள்ள காவல்தான் முதல் தேவை என்று வென்ஜோவே சொல்கிறது. ஆனால் வென்ஜோ இன்னொன்றையும் சொல்கிறது. அங்கே டி3115 நின்றது, பாதுகாப்பாக நிற்கவே அதன் கருவி நிறுத்தியது, நின்றதால்தான் மோதப்பட்டது. நிற்பது பாதுகாப்பு என்பது, நின்றுவிட்டேன் என்ற செய்தி மற்றவர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மட்டுமே உண்மை. பறக்கும் விமானத்துக்கு நிற்பது என்ற நிலையே கிடையாது. தரையிலும், காரணமின்றி நாளுக்குப் பத்து முறை நிறுத்தும் கருவியை மனிதர்கள் விட்டுவைப்பதில்லை. மீறும் விசையைத் தேடுவார்கள், அதற்கு ஒரு நடைமுறையும் எழுதிக்கொள்வார்கள். அந்த நடைமுறைக்குள் நுழைந்த பிறகு எஞ்சியிருப்பது மறுபடி தொலைபேசிக் குரல்தான்.

பொதுக் கடிகாரத்தையே நம்பியிருப்பது ஆபத்தல்லவா என்று கேட்பவர்களுக்கு முழு ஆறுதல் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் நேரம் மறைக்கப்படலாம், பொய்யாகவும் அனுப்பப்படலாம். பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு பிழையுள்ள சாதாரணப் படிகக் கடிகாரம் நொடிக்கு 10 மைக்ரோநொடி விலகும்; ஒரு மணி நேரத்தில் 36 மில்லிநொடி. நேரக்கூறுகளுக்கு இடையே விடும் இடைவெளி எவ்வளவோ, அந்த அளவு விலகும்வரைதான் கடிகாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும். இந்தக் கால அளவையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும், அது கடந்தால் என்ன செய்வது என்பதையும். பொய் சொல்லும் ஒரு கடிகாரத்தைத் தாங்க நான்கு கடிகாரங்களாவது வேண்டும் என்பது 1980களிலேயே நிறுவப்பட்டது. அந்தச் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அடுத்த கேள்விக்கும் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பாலசோர். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் அந்த மாவட்டத்தில், பாஹநாகா பஜார் நிலையத்தில் நடந்த ரயில் மோதலில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு சிக்னல் சுற்றில் செய்த மாற்றங்களிலும், ஒரு லெவல் கிராசிங் கேட்டின் மின்சாரத் தூக்குத் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த பிழைகளே காரணம் என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கே எந்தச் செய்தியும் பிந்தவில்லை. தவறான இணைப்பு, தவறான செய்தியை, சரியான நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது. அப்படியானால் நேர வரம்பைப் பற்றிய இத்தனை பேச்சும் திசைமாறிய பேச்சா? நேர வரம்பு பொய்யை மெய்யாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வாதத்தின் எல்லையே அதுதான். ஆனால் வரம்புள்ள வலையமைப்புக்கு எதிராகப் பொதுவாகச் சொல்லப்படும் குறை ஒன்றைப் பாலசோர் தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு கருவியைச் சேர்த்தாலும் முழு அட்டவணையையும் மறுபடி கணக்கிட வேண்டும், ஆகவே இது வளைந்துகொடுக்காத, செலவு பிடிக்கும் முறை என்பது அந்தக் குறை. ஆம், வளைந்துகொடுக்காது. இரவோடு இரவாக ஒரு கம்பியை மாற்றிவிட்டுப் போக முடியாது. மாற்றினால் அட்டவணை பொருந்தாது. பொருந்தாதது கருவிக்கே தெரியும். மாற்றம் மலிவாக இருக்கும் இடத்தில் மாற்றம் பதிவாவதில்லை. உயிர்காக்கும் அமைப்பில் மாற்றம் விலை கூடியதாக இருப்பதை நான் குறையாக எண்ணவில்லை.

நடைமுறைக்கு வருவோம். கவச் போன்ற அமைப்புகளுக்கு எஸ்ஐஎல்-4 என்ற உச்சச் சான்று கேட்கப்படுகிறது: அபாயமான தவறு 10 கோடி மணி நேரத்துக்கு ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 11,000 ஆண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்து இதை யாரும் நிரூபிக்கப் போவதில்லை; வாதத்தாலும் கணக்காலும்தான் நிரூபிக்கிறார்கள். பொதுப் பணத்தில் வாங்கும் எந்த அமைப்பிலும், அந்தக் கணக்கில் செய்திகளின் தாமத வரம்பு இருக்கும் பக்கங்களை வெளியில் உள்ளவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். வணிக ரகசியம் என்ற மறுப்பு வரும். சர்க்யூட் படத்தையும் மென்பொருளையும் யாரும் கேட்கவில்லை. இந்தச் செய்தி, இத்தனை மில்லிநொடிக்குள், இன்ன அனுமானங்களின் மேல் என்ற அட்டவணையில் போட்டியாளர் திருட ஒன்றுமில்லை. பிழை கண்டுபிடிப்பவருக்குத்தான் அது பயன்படும். 2007இல் நடந்த திருத்தம் அப்படி அச்சில் இருந்த கணக்கின்மேல்தான் நடந்தது.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதற்குப் பெரிய சோதனைச்சாலை வேண்டும் என்று தயங்க வேண்டியதில்லை. கேன் வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள் மூன்று, ஒரு ரிலே, ஓர் அலைநோக்கி போதும். ஏற்புச் சோதனை என்றால் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் நம்மிடையே வழக்கம். பிடுங்கினால் பெரும்பாலான கருவிகள் சரியாகவே நடந்துகொள்ளும். கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ‘கேட் மூடியிருக்கிறது’ என்ற பழைய செய்தியை மூன்றாவது பலகையிலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே, உண்மையான கேட்டைத் திறந்து பாருங்கள். சிவப்பு விழ எத்தனை மில்லிநொடி ஆகிறது, விழுகிறதா என்றே பாருங்கள். பிறகு கணக்கு சொன்ன எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அளந்தது கணக்கைத் தாண்டினால் கணக்கின் எந்த அனுமானம் உடைந்தது என்று தேடலாம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அது ஒன்றே போதுமான வேலை.